ஸ்லிக் என்றால் இலை இல்லை

அங்கோர் வாட் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். இத்தனை பெரிய கோயில்களுக்குச் சோறு போட்டது யார் என்று பார்க்கப்போய் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

கம்போடியக் கல்வெட்டுகளைப் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செடெஸ் 8 தொகுதிகளாக, பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு பதிப்பித்திருக்கிறார். என் ஓட்டைப் பிரெஞ்சை வைத்துத்தான் ஆரம்பித்தேன். முதல் மூன்று மாதம் வீண். கொஞ்சம் பழக்கம் இருக்கிறதே என்று சமஸ்கிருதச் செய்யுள்களிலேயே உட்கார்ந்துவிட்டேன், அதில் பெரும்பாலும் நம் மெய்க்கீர்த்தி மாதிரி ராஜா புகழ்தான். வயல், எல்லை, யார் கொடுத்தது, என்ன விலை என்ற வரவு செலவெல்லாம் கம்போடியர்களின் சொந்த மொழியான கெமரின் பழைய வடிவத்தில், உரைநடையில் இருக்கிறது. (அங்கோரில் உள்ள தா ப்ரோம் கோயிலின் கல்வெட்டு விதிவிலக்கு. 1186இல் 3,140 ஊர், 79,365 பேர் என்று சமஸ்கிருதத்திலேயே கணக்குச் சொல்கிறது.)

எக்செல்லில் 'விலை' என்று ஒரு பத்தி போட்டிருந்தேன். அங்கோர் காலத்தில் நாணயமே கிடையாது! நிலத்துக்கு வெள்ளிப் பாத்திரம், துணி, எருமை, நெல், சில இடத்தில் ஆள் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பத்தி ஏழு பத்தியானது.

அப்புறம் இந்தக் கணக்குகளில் வரும் ஸ்லிக் என்ற சொல். இன்றைய கெமர் அகராதியில் இலை என்று இருந்தது, சரி, வெற்றிலை போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டே போனேன். கூட்டுத்தொகை எங்கேயும் இடிக்க, இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அவர்கள் இருபது இருபதாக எண்ணுகிறவர்கள், இருபது இருபது சேர்ந்த நானூறுதான் ஸ்லிக்.

கோயில் ஆட்களின் பட்டியல்தான் என்னை நிறுத்தியது. ஆண் பெயருக்கு முன்னால் 'சி', பெண்ணுக்கு 'தை'. பெயர்களில் நாய், நாற்றம் என்று பொருள்படுபவையும் உண்டு. வளர்பிறைக்கு ஒரு கூட்டம், தேய்பிறைக்கு ஒரு கூட்டம் என்று முறை பிரித்திருக்கிறார்கள். முறை இல்லாத பதினைந்து நாள் இவர்கள் யார் வயலில் இருந்தார்கள்? இவர்களைக் குறிக்கும் 'க்ஞும்' என்ற சொல்லைத்தான் இன்று கம்போடியாவில் எல்லோரும் 'நான்' என்பதற்குச் சொல்கிறார்கள்.

1296இல் அங்கோருக்கு வந்த சீனத் தூதுக்குழுவில் இருந்த சௌ தாகுவான், இங்கே வியாபாரமே பெண்கள் கையில்தான், சின்ன வியாபாரத்துக்கு அரிசியும் துணியுமே காசு என்று எழுதியிருக்கிறார். என் எக்செல் முழுக்கத் தேடினேன். கோயிலுக்கு வந்து சேர்ந்த அரிசி இருக்கிறது, சந்தையில் கைமாறிய அரிசி ஒரு வரிகூட இல்லை.