வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? முதலில் காலி நாட்களை எண்ணுங்கள்

வாடகை வருமானத்துக்காக வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "இந்த ஏரியா அஞ்சு வருஷத்துல எவ்வளவு ஏறும்?" விலை ஏறலாம், ஏறாமலும் போகலாம். அதைச் சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. நாலு பேரிடம் விசாரித்தால் இன்றைக்கே பதில் கிடைக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: இங்கே ஒரு குடித்தனம் காலி செய்தால், அடுத்த குடித்தனம் வர எத்தனை நாளாகும்?

இந்த நாட்கள் எவ்வளவு தின்னும் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வீட்டின் விலை 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவு, வக்கீல், கைமாறும்போது செய்யும் வேலைகள் எல்லாம் சேர்த்து இன்னொரு 80. ஆக முதலீடு 1,080.

முதல் ஏரியாவில் மாத வாடகை 5, வருடத்துக்கு 60. குடித்தனக்காரர்கள் சராசரியாக இரண்டு வருடம் தங்குகிறார்கள், நடுவில் ஒரு மாதம் காலி. அப்படியென்றால் வருடத்துக்கு அரை மாத வாடகை, 2.5, நஷ்டம். பராமரிப்புக் கட்டணம், வரி, இன்ஷூரன்ஸ் 10. ரிப்பேர் 6. ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 5, பெயின்ட் வகையறா 4. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பதால் வருடக் கணக்கில் 4.5. மிஞ்சுவது 37. அதாவது 3.4 சதவீதம்.

இரண்டாவது ஏரியாவில் அதே விலைக்கு மாத வாடகை 6, வருடத்துக்கு 72. விளம்பரத்தில் "7.2 சதவீத வருமானம்" என்று போடுவார்கள். ஆனால் இங்கே வருடா வருடம் ஆள் மாறுகிறார்கள், ஒவ்வொரு முறையும் இரண்டரை மாதம் காலி. போனது 15. கட்டணங்கள் 10, ரிப்பேர் 8, புரோக்கர் 6, பெயின்ட் 4. மிஞ்சுவது 29, அதாவது 2.7 சதவீதம். வாடகை அதிகம் வருகிற இடம், கையில் நிற்பதில் தோற்றுவிட்டது. முழுப் பணத்தையும் கடன் வாங்கிப் போட்டிருந்தால், கடன் வட்டி இந்தச் சதவீதத்தைத் தாண்டும் அளவுக்குச் சம்பளத்திலிருந்து போட வேண்டிவரும்.

சரி, காலி நாட்களை எப்படிக் கண்டுபிடிப்பது? வாடகை விளம்பரத் தளங்களை ஆறு வாரம் பின்தொடருங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், அந்த ஏரியாவில் நீங்கள் வாங்க நினைக்கும் அளவுள்ள வீடுகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்: அளவு, மாடி, கேட்கும் வாடகை, முதலில் பார்த்த தேதி. இரண்டு வாரத்தில் மறைகிற வீடுகள் பாதிக்கு மேல் இருந்தால் நல்ல அறிகுறி. மூன்றாவது, நான்காவது வாரத்தில் வாடகை குறைகிறதென்றால் கேட்ட தொகைக்கு ஆள் வரவில்லை என்று பொருள். இதில் ஒரு தந்திரம் உண்டு. போகாத விளம்பரத்தை அழித்துவிட்டு அதே வீட்டைப் புதுத் தேதியில் மறுபடி போடுவார்கள். தேதியை நம்பாதீர்கள், படங்களைப் பாருங்கள். அதே சமையலறை டைல்ஸ், அதே ஜன்னல் கம்பி என்றால் அது பழைய வீடுதான்.

விளம்பரத்தில் இருப்பது கேட்கும் வாடகை மட்டுமே. கிடைக்கும் வாடகை தெரிய மூன்று புரோக்கர்களிடம் போன் போடுங்கள். ஒருமுறை வீடு தேடுகிறவராக: "எவ்வளவு வரைக்கும் குறைப்பாங்க?" சில நாள் கழித்து உரிமையாளராக: "ஒரே மாசத்துல ஆள் வேணும், எவ்வளவு சொல்லலாம்?" இரண்டு பதிலில் எது குறைவோ அதைக் கணக்கில் போடுங்கள்.

அடுத்தது, யார் வரப்போகிறார்கள்? மருத்துவமனைப் பக்கம் என்றால் ஷிப்ட் வேலைக்காரர்கள். அவர்களுக்குச் சின்ன வீடு போதும், ராத்திரி நடந்து வர வெளிச்சம் வேண்டும். கல்லூரிப் பக்கம் என்றால் விடுமுறை மாதங்கள் காலியாகக் கிடக்கலாம். கல்லூரியே புது விடுதி கட்டுகிறதா என்று விசாரிக்காமல் வாங்கக் கூடாது. பள்ளிக்கூடம் பக்கத்தில் உள்ள பெரிய வீடுகளுக்குத்தான் நீண்ட நாள் தங்கும் குடும்பங்கள் வரும். இதே மூன்று படுக்கையறை வீட்டைச் சின்ன வீடு தேடுகிறவர்கள் மட்டும் இருக்கும் தெருவில் வாங்கினால், சதுர அடிக் கணக்கில் மலிவாகத் தெரிந்தாலும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும்.

ஒரே முதலாளியை, ஒரே தொழிலை நம்பிய ஊர் என்றால் கூடுதல் எச்சரிக்கை. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் வில்லிஸ்டன் என்று ஒரு ஊர். எண்ணெய் எடுக்க ஆட்கள் குவிந்தபோது வாடகை எகிறியது. புதுப்புது அடுக்குமாடிகள் எழுந்தன. 2014-இன் பிற்பாதியில் எண்ணெய் விலை சரிந்தது, பின்னாலேயே வாடகையும் சரிந்தது. அரை மணி நேரப் பயணத்துக்குள் வெவ்வேறு தொழில் சார்ந்த நாலைந்து பெரிய வேலையிடங்கள் இருக்கிற இடத்தில் இப்படி ஒரே அடி விழுவது அரிது.

தேவையை எல்லாரும் பார்க்கிறார்கள். வரப்போகும் புது வீடுகளை எண்ணுகிறவர்கள் குறைவு. சுற்று வட்டாரத்தில் அஸ்திவாரம் போட்டவை, பாதி எழும்பியவை, கட்ட அனுமதி வாங்கியவை என்று தனித்தனியாக எண்ணுங்கள். அக்கம்பக்கம் வெற்று நிலம் நிறைய இருந்தால், வாடகை ஏறும்போதெல்லாம் யாராவது இன்னொரு கட்டடம் எழுப்பிவிடுவார்கள். இன்னொன்று, பெரிய அடுக்குமாடியில் சாவி கொடுக்கும் மாதம். முதலீட்டுக்காக வாங்கிய அத்தனை பேரும் அந்த ஒரே மாதத்தில் ஆள் தேடுவார்கள். எல்லாம் ஒரே வரைபடம், ஒரே பால்கனி. விலையைத் தவிரப் போட்டியிட வேறு எதுவும் இல்லை. அப்படிப்பட்ட கட்டடத்தில் வாங்குவதென்றால் முதல் வருட வாடகையைக் குறைத்தே போட்டுக்கொள்ளுங்கள்.

ரயில் வரப்போகிறது, மேம்பாலம் வரப்போகிறது என்ற பேச்சுக்கும் இதே கறார்தனம் வேண்டும். அறிவிப்பு வந்த அன்றே விலை ஏறிவிடுகிறது. வாடகை ஏறுவதோ ரயில் ஓடத் தொடங்கிய பிறகு. லண்டனின் எலிசபெத் லைன் ரயில் பாதை 2018 டிசம்பரில் திறப்பதாக இருந்தது. திறந்தது 2022 மே மாதம். மூன்றரை வருடம் தாமதம் என்பது கடன் வாங்கியவருக்கு நாற்பதுக்கு மேற்பட்ட மாதத் தவணை. கட்டுமானம் நடக்கும் காலத்தில் தூசியும் சத்தமும் தடுப்பும் சேர்ந்து இருக்கிற வாடகையையும் கொஞ்சம் குறைக்கும். இன்றைய வாடகைக்கு விலை கட்டுப்படியானால் வாங்கலாம், ரயில் வந்தால் லாபம்.

நேரில் போகும்போது காரை விட்டு இறங்கி நடங்கள். "ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷம்" என்றால் ஏறக்குறைய 800 மீட்டர். வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு அளந்தால் ஏமாறுவீர்கள். நடுவே தண்டவாளமோ கடக்க முடியாத நெடுஞ்சாலையோ இருந்தால் அது இருபத்தைந்து நிமிடம். காலை எட்டு மணிக்கு ஒருமுறை, ராத்திரி எட்டு மணிக்கு ஒருமுறை. ராத்திரி போகும்போது விளக்கு எரியும் ஜன்னல்களை எண்ணுங்கள். கட்டி முடித்து இரண்டு வருடமாகியும் மூன்றில் ஒரு பங்கு இருட்டாக இருந்தால், துணி காயாத பால்கனிகள் வரிசையாகத் தெரிந்தால், அங்கே உங்கள் வீடும் காத்திருக்கும் வரிசையில்தான் சேரும்.

மழை நாளில் போக முடிந்தால் இன்னும் நல்லது. முடியாவிட்டால் தரைத்தளச் சுவர்களில் ஒரே உயரத்தில் கறைக்கோடு ஓடுகிறதா பாருங்கள். வெள்ள அபாயத்துக்கு இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். நிறுவனம் அதிகம் கேட்டால், அல்லது தயங்கினால், அவர்கள் கணக்கு உங்கள் கணக்கைவிட அனுபவமானது.

சட்டம், அடுக்குமாடி உரிமையாளர் சங்க விதி இரண்டையும் படியுங்கள். பெர்லினில் 2020 பிப்ரவரியில் வாடகை உச்சவரம்புச் சட்டம் வந்தது, 2021 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரிலிருந்து குறுகிய கால வாடகைக்குக் கடுமையான பதிவு விதிகளை அமல்படுத்தியது. சுற்றுலா வாடகையை மட்டும் நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள், அதே வீட்டை மாத வாடகைக்கு விட்டால் தேறுமா என்று இன்னொரு கணக்கும் போட்டுவைக்க வேண்டும். தேறவில்லை என்றால் அடுத்த ஏரியாவுக்கு ஆறு வாரத் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.