அரைக் கட்டை இறங்கினால் என்ன?

எழுபதைத் தொட்ட ஹெவி மெட்டல் (கனத்த ஒலியுள்ள ராக் இசை) கலைஞர்கள் இன்னும் மேடையேற வேண்டுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், புதுச்சேரியில் எங்கள் நண்பர் வட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஆல்பத்தில் கேட்ட அதே வேகமும் அதே உச்சக் குரலும் இல்லையென்றால் ஒதுங்கிக்கொள்வதே மரியாதை என்பது ஒரு தரப்பு. நான் மறு தரப்பு. உடம்பு தளர்வதற்கேற்ப வாசிப்பை மாற்றிக்கொண்டு, முன்பே பதிவு செய்த குரலுக்குப் பின்னால் ஒளியாமல் பாடுகிற குழுவை எந்த வயதிலும் காசு கொடுத்துக் கேட்கலாம்.

அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகா 1990களின் நடுவிலிருந்தே மேடையில் கிதார் தந்திகளை அரைச் சுரம் தாழ்த்தித்தான் வாசிக்கிறது. நம் கர்நாடக இசையின் சுருதிக் கணக்கில் சொன்னால் மூன்று கட்டையிலிருந்து இரண்டரைக் கட்டைக்கு இறங்குகிறார்கள். சபாவில் வயதான வித்வான் சுருதியைக் குறைத்துக்கொண்டால் நாம் முகம் சுளிப்பதில்லை. ராகம் எப்படி விரிகிறது என்றுதான் கேட்கிறோம். மேலும், தந்தி தளர்ந்தால் ஒலி இன்னும் கனக்கிறது. பதினேழு வயதில் ஆலை விபத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்த கிதார் கலைஞர் டோனி ஐயோமி, தன் குழுவான பிளாக் சபாத்தின் 1971ஆம் ஆண்டு ஆல்பத்தில் தந்திகளை ஒன்றரைச் சுரம் தளர்த்தி வாசித்தார். அந்தக் கனமே இந்த இசையின் அடையாளமாகிவிட்டது.

டிரம்ஸுக்கு அந்த வசதி இல்லை. சுருதியைக் குறைக்கலாம், பெடலை மிதிக்கும் காலின் வேகத்தைக் குறைத்தால் பாட்டே வேறாகிவிடும். ஆகவே ஒரு மூத்த குழுவை எடைபோட நான் முதலில் கவனிப்பது டிரம்மரைத்தான். அயர்ன் மெய்டன் குழுவின் அப்போதைய டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் 2023 ஜனவரியில் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்தவர். அதே ஆண்டு மே மாதம் மேடைக்குத் திரும்பினார். விரைவான சில உருட்டல்களை விட்டுவிட்டு, தாளத்தின் ஓட்டத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். பாட்டு நிற்பது அந்த ஓட்டத்தின் மேல்தான் என்பதை அப்போதைய காணொலிகளைக் கேட்டவர்கள் உணர்வார்கள்.

அதே குழுவை 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் நேரில் கேட்டேன். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் பேருந்தில் போன அலுப்பெல்லாம் முதல் பாட்டிலேயே பறந்துவிட்டது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் மேடை விளிம்பு ஸ்பீக்கரின் மேல் ஒரு காலை ஊன்றி, மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்து உச்சத்தை நீட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது. பின்னாளில் அவருக்கு நாக்கின் பின்பகுதியில் புற்றுநோய் வந்தது. சிகிச்சை முடிந்து 2016இல் மறுபடியும் உலகச் சுற்றுக்குக் கிளம்பினார். இப்போதைய பதிவுகளில் அவர் குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. எனக்கு அந்தத் தடிப்பு பிடித்தும் இருக்கிறது.

ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற குழு வேறு வழி கண்டது. பார்கின்சன் நோயால் முழு நிகழ்ச்சியும் வாசிக்க முடியாமல் போன அதன் கிதார் கலைஞர் கிளென் டிப்டன், 2018 சுற்றில் பல இரவுகளில் கடைசிச் சில பாட்டுகளுக்கு மட்டும் மேடைக்கு வந்தார். மற்ற நேரமெல்லாம் அவருக்குப் பதிலாக ஆண்டி ஸ்னீப் வாசித்தார். இதில் ரசிகர்களிடம் மறைக்க ஒன்றுமில்லை.

என் கருத்துக்குப் பெரிய சோதனை 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் நடந்த பிளாக் சபாத்தின் கடைசி நிகழ்ச்சிதான். முத்தியால்பேட்டையில் நண்பர் வீட்டில் கூடி இணைய ஒளிபரப்பில் பார்த்தோம். நிற்க முடியாத பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கறுப்புச் சிம்மாசனத்தில் அமர்ந்தே பாடினார். சில இடங்களில் குரல் சுருதியை விட்டு விலகியது, மூச்சு வரிக்கு நடுவே அறுந்தது. ஆனால் கேட்டதெல்லாம் அவருடைய குரல். 2005க்குப் பிறகு முதன்முறையாக அசல் நால்வரும் ஒன்றாக வாசித்தார்கள். டிரம்மர் பில் வார்டின் அடி அங்கங்கே தளர்ந்தபோதெல்லாம் கீஸர் பட்லரின் பேஸ் கிதார் அதைத் தாங்கிப் பிடித்தது. ஐம்பது ஆண்டுப் பழக்கம் உள்ளவர்களால்தான் அது முடியும். எவ்வளவு திறமையான இளைஞர்களைக் கூலிக்கு அமர்த்தினாலும் அது வராது. மறு தரப்பு நண்பர்களும் அந்த இடத்தில் வாதாடவில்லை.