சர்க்கரைப் பணத்தில் எழுந்த கூம்பு

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள பிரைட்லிங் என்னும் சிற்றூரின் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில், ஏறத்தாழ 25 அடி உயரமுள்ள ஒரு பிரமிடு நிற்கிறது. 'கிறுக்கு ஜாக்' என்று பெயர் நிலைத்துவிட்ட ஜான் ஃபுல்லர், தாம் இறப்பதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே, 1811-இல், தமக்காகக் கட்டிக்கொண்ட கல்லறை அது. அதற்குள் அவர் தலையில் தொப்பியும் கையில் மதுப் புட்டியுமாக உட்கார்ந்த கோலத்தில் இருக்கிறார் என்றும், சாத்தான் வந்தால் காலில் குத்தட்டும் என்று தரையெங்கும் கண்ணாடிச் சில்லுகள் பரப்பப்பட்டுள்ளன என்றும் ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். 1982-இல் சீரமைப்புப் பணி நடந்தபோதுதான், அவரும் மற்றவர்களைப் போலத் தரைக்கடியிலேயே அடக்கம் செய்யப்பட்டிருப்பது தெரிந்தது.

எனக்கு அவருடைய கட்டடங்களில் மிகவும் பிடித்தது 'சர்க்கரைக் கூம்பு'. டாலிங்டன் தேவாலயக் கோபுரம் தம் வீட்டிலிருந்தே தெரியும் என்று எங்கோ பந்தயம் கட்டிவிட்டு, ஊர் திரும்பிப் பார்த்தபோது அது தெரியாமல் போகவே, அதே வடிவில் ஒரு போலிக் கோபுரத்தை அவசர அவசரமாக எழுப்பினார் என்பது கதை. கல்லையும் மண் சாந்தையும் கொண்டு கட்டப்பட்ட அந்தக் கூம்புக்குள் பிற்காலத்தில் ஆட்கள் குடியிருந்ததும் உண்டு. நம் ஊரில் சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டிக்கு அந்தச் சிரட்டையின் வடிவம் வாய்ப்பது போல, அக்காலத்து ஐரோப்பாவில் சர்க்கரை கூம்புக் கட்டிகளாகவே விற்கப்பட்டது. பெயர் அதனால் வந்தது.

அந்தச் சர்க்கரையில்தான் அவருடைய செல்வத்தின் வேரும் இருக்கிறது. 20 வயதில் பிரைட்லிங் பண்ணையோடு ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களும், அங்கு உழைத்த அடிமைகளும் அவருக்கு வாரிசுரிமையாக வந்தனர். அடிமை முறையை அவர் நாடாளுமன்றத்திலேயே ஆதரித்துப் பேசினார். 1810-இல் குடிபோதையில் அவைத்தலைவரை இழிவாகப் பேசி வெளியேற்றப்பட்டதைச் சுவையாக விவரிப்பவர்கள், அடிமை முறைக்கு அவர் தந்த ஆதரவை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. இடிபடவிருந்த போடியம் கோட்டையை அவர் 1820-களின் இறுதியில் வாங்கிக் காப்பாற்றியதும், மைக்கேல் ஃபாரடே வகித்த வேதியியல் பேராசிரியர் பதவிக்கு 1833-இல் நிதி வழங்கியதும் மறுக்க முடியாத நன்மைகள். ஆயினும் அந்தப் பணம் வந்த வழியையும் சேர்த்தே அவற்றைச் சொல்ல வேண்டும். 1855-இல் திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழிக்கும்வரை மனிதர்கள் விலைக்கு விற்கப்பட்ட மண்ணில் பிறந்த நாம், இதை வேற்றூர்க் கதையாகப் படித்துவிட்டு நகர முடியாது.

ஃபுல்லர் 1834 ஏப்ரலில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டனின் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, உடைமையாளர்களுக்கென 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கப்பட்டது. கரும்பு வெட்டியவர்களுக்கு ஒரு காசுகூட ஒதுக்கப்படவில்லை.