தற்காலிகப் பற்களோடு சில மாதங்கள்

வாய் முழுக்கப் பல் தேய்ந்துபோய் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "டாக்டர், எல்லாத்துக்கும் கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போட்டுடலாமா?" என்றுதான். போடலாம். ஆனால் ஏன் தேய்ந்தது என்று தெரியாமல் போட்டால், பல்லைத் தின்ற அதே காரணம் கேப்பையும் ஒருநாள் உடைத்துவிடும்.

அதனால் தேய்ந்த விதத்தைத்தான் முதலில் பார்ப்பேன். மேலும் கீழும் பொருந்துகிற மாதிரி தட்டையாக, பளபளவென்று இருந்தால், தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிப்பவராக இருக்கலாம். மேல் முன்பற்களின் உட்புறம் வழுவழுவென்று கரைந்திருந்தால் அமிலத்தின் மேல் சந்தேகம் வரும். நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு உண்டா என்று கேட்பேன். "அதுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்பார்கள். நிறைய சம்பந்தம் உண்டு. மேலேறி வாய்க்கு வரும் வயிற்று அமிலம் பல்லைக் கரைக்கும். பலருக்குப் பல் கடிப்பதும் அமிலமும் சேர்ந்தே இருக்கும். போன எனாமல் திரும்ப வளராது.

அப்புறம் இடப் பிரச்சினை. மெதுவாகத் தேயும் பல், பெரும்பாலும் எலும்போடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி எதிர்ப்பல்லைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பல் குட்டையாகியும் கேப்புக்கு இடம் இருக்காது. கடியின் உயரத்தை, அதாவது கடிக்கும்போது மேல், கீழ்த் தாடைகளுக்கு நடுவே உள்ள உயரத்தை, கூட்டித்தான் இடம் உண்டாக்க வேண்டியிருக்கும். தாடை ஓய்வாக இருக்கையில் மேல், கீழ்ப் பற்களுக்கு நடுவே பொதுவாக 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அது ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். புது உயரத்தை அந்த வாய் ஏற்றுக்கொள்கிறதா என்பதைத் தற்காலிகப் பற்களை வைத்துத்தான் சோதிக்க முடியும்.

இந்தச் சிகிச்சையில் எனக்கு மிக முக்கியமான கட்டம் இதுதான். தாடை அசைவைப் போலவே அசையும் ஆர்ட்டிகுலேட்டர் என்ற கருவியில் மெழுகால் வடித்துப் பார்த்த வடிவத்தை அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்து பொருத்தி, சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், பழக விடுவேன். திரும்பி வரும்போது "வருஷம், மாசம், பஸ்" என்று சொல்லச் சொல்வேன். விசில் மாதிரி காற்று கசிந்தால் முன்பல்லின் நீளத்தையோ உட்புற வளைவையோ திருத்துவேன். கோரைப்பல்லுக்குப் பின்னால் ஒரு ஓரம் மட்டும் பெயர்ந்திருந்தால், தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது அங்கே இடிக்கிறது என்று அர்த்தம். நீலக் கார்பன் தாளைக் கடிக்கவைத்து, கறை விழுந்த புள்ளியைச் சன்னமாகச் சீவுவேன். காலையில் கன்னத்துத் தசை வலிக்கிறதா என்றும் விடாமல் கேட்பேன்.

"இதுவே நல்லாத்தானே இருக்கு, சீக்கிரம் முடிச்சிடுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். அவர்கள் அலுப்பு புரிகிறது. ஆனாலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சிர்க்கோனியா என்ற கடினமான பீங்கானில் செய்த நிரந்தரப் பல்லை ஒட்டிய பிறகு உயரம் தப்பு என்று தெரிந்தால், அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். சரியாக அமைந்த தற்காலிக வடிவத்தை அளவெடுத்து, அப்படியே நிரந்தரப் பல்லில் கொண்டுவரச் சொல்வேன்.

இரவில் பல்லைக் கடிப்பவர்களுக்குக் கடைசியில் ஒரு நைட் கார்டும் (தூங்கும்போது பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் காப்பு உறை) கொடுப்பேன். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதை எடுத்து வரச் சொல்வேன். அதில் எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த பரிசோதனை எப்போது என்று முடிவு செய்கிறேன்.