தொங்கும் வேருக்கு என்ன கொடுப்பது?

வேரைக் காற்றில் தொங்கவிட்டு, தொட்டியிலுள்ள சத்துக்கரைசலை நாசில் (தெளிப்பு முனை) வழியே தெளிக்கும் ஏரோபோனிக்ஸ் பெட்டி கட்டியவுடன் பலர் உரக்கடையில் கேட்டு வாங்குவது 19:19:19. தண்ணீரில் முழுதாகக் கரைகிறது, தழை மணி சாம்பல் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) மூன்றும் இருக்கிறது, போதாதா என்று தோன்றும். போதாது. அதன் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியாவாக இருக்கலாம். யூரியாவை வேர் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றுபவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். காற்றில் தொங்கும் வேரைச் சுற்றி அந்தக் கூட்டம் இல்லை. சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) மெக்னீசியமும் அதில் கிடையாது. சுண்ணாம்புச்சத்து எட்டாத லெட்யூஸில் (சாலட் கீரை) உள்பக்க இளம் இலையின் ஓரம் கருகும், வேர்நுனி வளராமல் நின்றுபோகும்.

பஞ்சகவ்யம், மீன் அமிலம், மண்புழு உரக் கரைசல் ஆகியவை மண்ணுக்கு நல்லவை. இங்கே வேண்டாம். எவ்வளவு வடிகட்டினாலும் நுண்துகள் நாசிலை அடைக்கும், கரிமப்பொருள் தொட்டியிலேயே புளித்து வேரில் கொழகொழப்பாகப் படியும். கடையில் டால்க் பொடியில் கலந்து வரும் டிரைக்கோடெர்மா என்ற நன்மைப் பூஞ்சையும் அப்படித்தான். கண்டிப்பாக வேண்டுமென்றால் திரவ வடிவில் வருவதை மட்டும் வாங்குங்கள்.

கீரை, லெட்யூஸ், புதினா, துளசி வகைகளுக்கு நம்பிப் பயன்படுத்தக்கூடிய கலவை இது. இரண்டு ஐந்து லிட்டர் கேன்கள் வேண்டும். முதல் கேனில் கால்சியம் நைட்ரேட் 500 கிராம், 12 சதவீத இரும்பு இ.டி.டி.ஏ. (இரும்பைக் கரைசலிலேயே பிடித்து வைக்கும் பொருளோடு வருவது) 20 கிராம். இரண்டாவதில் பொட்டாசியம் நைட்ரேட் (13:0:45) 250 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் (0:52:34) 130 கிராம், மெக்னீசியம் சல்பேட் 300 கிராம். அதே கேனில் நுண்சத்துகளாக போரிக் அமிலம் 3 கிராம், மாங்கனீசு சல்பேட் 1.5, துத்தநாக சல்பேட் 0.5, காப்பர் சல்பேட் 0.2, அம்மோனியம் மாலிப்டேட் 0.1 கிராம். இந்தச் சிறு எடைகளுக்குச் சமையலறைத் தராசு உதவாது. 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு வேண்டும். ஒவ்வொரு கேனிலும் ஐந்து லிட்டர் வரும்வரை நீர் சேருங்கள். தொட்டியில் தண்ணீரை நிரப்பிய பிறகு லிட்டருக்கு முதல் கேனிலிருந்து 5 மில்லி ஊற்றிக் கலக்கி, அதற்கப்புறம் இரண்டாவதிலிருந்து 5 மில்லி. இ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், மில்லிசீமென்ஸ்/செ.மீ.) ஏறத்தாழ 1.2 வரும். நாற்றுக்கு இதில் பாதி போதும்.

இரண்டு கேன்களையும் செறிவாக இருக்கும்போதே ஒன்றாக ஊற்றிவிட்டால் சுண்ணாம்புச்சத்து சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து வெள்ளையாகத் திரியும். அந்த மாவு மறுபடி கரையாது. செடிக்கும் போய்ச் சேராது, 0.4 மி.மீ. நாசில் துளையையும் அடைத்துவிடும்.

தண்ணீர்தான் அடுத்த தலைவலி. போர் தண்ணீரின் இ.சி. 0.4-ஐத் தாண்டினால் மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ கலந்து குறையுங்கள். உப்பும் சுண்ணாம்பும் ஏறிய நீரில் பி.எச். (அமில-காரத்தன்மை அளவு) திரும்பத் திரும்ப மேலே போகும். 5.5-க்கும் 6.3-க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். 6.5-ஐத் தாண்டினால் இ.டி.டி.ஏ. இரும்பைப் பிடித்து வைப்பது குறைந்து, நரம்பு பச்சையாகவும் நடுவே மஞ்சளாகவும் இளந்தளிர் வெளுக்கும். அந்த மாதிரி நீருக்கு டி.டி.பி.ஏ. என்ற வேறு பிடிபொருளோடு வரும் இரும்பு பாதுகாப்பு. பி.எச். குறைக்கப் பாஸ்பாரிக் அமிலத்தைத் துளித்துளியாக விடுங்கள். எலுமிச்சை உப்பு இரண்டு நாளில் சிதைந்து பி.எச். பழையபடி ஏறிவிடும்.

தினமும் நீர்மட்டத்தையும் இ.சி.யையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். மட்டம் குறைந்து இ.சி. ஏறினால் செடி சத்தைவிட நீரை அதிகம் குடிக்கிறது, வெறும் தண்ணீர் சேருங்கள். இரண்டும் குறைந்தால் தண்ணீரோடு இரண்டு கேன்களிலிருந்தும் சேருங்கள். தெளித்ததும் வேரிலிருந்து சொட்டும் நீரை ஒரு மூடியில் பிடித்து அதன் இ.சி.யை அளந்தால் இன்னும் தெளிவு. தொட்டியைவிட அது 0.3 கூடுதலாக இருந்தால் வேரின் மேல் உப்பு படிகிறது. தெளிப்பு இடைவெளியைக் குறையுங்கள் அல்லது கரைசலை நீர்த்துப்போகச் செய்யுங்கள். சித்திரை வெயிலில் லெட்யூஸுக்கு 0.8 முதல் 1.0 வரை போதும். இங்கே வலுவான கரைசலைவிட நீர்த்த கரைசலே வேரைக் காக்கும்.

தெளிப்பு நேரத்துக்கு எல்லோரும் ஓர் எண்ணைக் கேட்கிறார்கள். 80 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தமும், 50 மைக்ரான் அளவுக்கு நுண்துளியும் கிடைத்தால், பகலில் 5 நொடி தெளித்து 3 நிமிடம் நிறுத்துவதில் தொடங்கலாம். இரவில் இடைவெளியை 5 அல்லது 6 நிமிடமாக நீட்டலாம். பிறகு வேரைப் பாருங்கள். அடுத்த தெளிப்புக்குச் சற்று முன் மூடியைத் தூக்கினால் வேர்த்தூவி பஞ்சுபோல நிற்க வேண்டும், டார்ச் ஒளியில் ஈரம் மினுங்க வேண்டும், ஆனால் சொட்டக்கூடாது. தூவியே இல்லாமல் வழவழவென்று நூல் மாதிரி தொங்கினால் தண்ணீர் கூடுதல். நுனி மட்டும் பழுப்பாகி மொரமொரத்தால் தண்ணீர் போதவில்லை. ஆர்.ஓ. பூஸ்டர் பம்பை மட்டும் வைத்து ஓட்டினால் அழுத்தம் ஏறும்வரை முதல் ஓரிரு நொடி பெருந்துளியாகக் கொட்டும். அழுத்தத்தோடு நீரைத் தேக்கி வைக்கும் பிரஷர் டேங்க் வைத்து, நாசில்களுக்குப் பக்கத்தில் சோலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடுவது) போட்டால் இது தீரும். பித்தளை நாசில் வேண்டாம். இந்தக் கரைசலில் அது மெல்ல அரித்துச் செம்பும் துத்தநாகமும் கலக்கும். பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் நாசில் வாங்குங்கள்.

மொட்டை மாடியில் வேரைக் கொல்வது பெரும்பாலும் சூடு. வேர்ப்பெட்டி 18 முதல் 24 டிகிரிக்குள் இருப்பது நல்லது. 25-ஐத் தாண்டத் தாண்டப் பித்தியம் என்ற அழுகல் கிருமிக்குக் கொண்டாட்டம். பெட்டிக்கு வெளியே தெர்மோகோலும் வெள்ளைப் பெயிண்டும், தொட்டிக்கு நிழலும் கொடுங்கள். உச்சி வேளையில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் தொட்டியில் போடலாம். வெளிச்சம் புகுந்தால் பாசி வரும். இரவில் பெட்டிக்குள் டார்ச்சை எரியவிட்டு மூடி, வெளியிலிருந்து சுற்றிப் பாருங்கள். ஒளி கசியும் இடமெல்லாம் டேப் ஒட்ட வேண்டிய இடம்.

வேர் பழுப்பானதுமே பயப்பட வேண்டாம். சில நேரம் இரும்பின் கறைதான் அது. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். உறுதியாக நின்று, நாற்றமும் இல்லையென்றால் கறை. மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்து, நடுவே மெல்லிய நார் மட்டும் மிஞ்சினால் அழுகல். சாக்கடை வாடையும் அடிக்கும். அந்தச் செடியை உடனே எடுத்துவிடுங்கள், கரைசல் முழுவதையும் கொட்டிப் புதிதாகக் கலந்து, சூட்டைக் குறையுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடைச் செடி இருக்கும்போது ஊற்றினால் வேர்த்தூவியும் கருகும், இரும்பைப் பிடித்திருக்கும் பொருளும் சிதையும். பயிரை எடுத்த பிறகு, 3 சதவீதப் பெராக்சைடு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு, வெறும் நீரால் இரண்டு முறை அலசுங்கள். நாசில்களைக் கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறவையுங்கள்.

கரண்ட் போனால் உச்சி வெயிலில் அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே இலை தொங்கத் தொடங்கும். டைமரையும் சோலினாய்டையும் 12 வோல்ட் பேட்டரியில் இணைத்துவிட்டால், பிரஷர் டேங்கில் அழுத்தம் இருக்கும்வரை பம்ப் இல்லாமலேயே தெளிப்பு நடக்கும். அதுவும் இல்லையென்றால் கைத்தெளிப்பானில் அதே கரைசலை நிரப்பிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மூடியைத் திறந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேர்மேல் அடித்தால் கரண்ட் வரும்வரை தாங்கும்.