அடிக்கிற மீனை விடுங்கள், அடிவாங்குகிற மீனைப் பாருங்கள்

உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் யாரோடு பேசினாலும் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: "ஒரு மீன் மற்றதையெல்லாம் விரட்டிக்கிட்டே இருக்கு, என்ன பண்றது?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். விரட்டப்படுகிற மீன் சாப்பிடுகிறதா?

விரட்டுவது என்பது பவளப்பாறை மீன்களுக்கு அன்றாட வேலை. ஒரு பொந்து, அதைச் சுற்றிக் கொஞ்சம் மேய்ச்சல், அவ்வளவுதான் அவற்றின் சொத்து. டேம்சல் இனத்தில் சில, பாறைமேல் தங்களுக்குப் பிடித்த பாசியை வளர்த்து, வேண்டாததைப் பிடுங்கிப் போட்டு, அந்தத் தோட்டத்தைக் காவல் காக்கும். முக்குளிக்கப் போகிறவர்கள் மீதும் பாயும். கடலில் துரத்தல் வாங்கிய மீன் பத்தடி தள்ளிப் போய்விட்டால் விவகாரம் முடிந்தது. தொட்டியில் அந்தப் பத்தடி கிடையாது. நாம் பார்க்கும் கொடுமையில் பெரும்பங்கு அந்தக் கண்ணாடிச் சுவர் செய்வது. அதனால்தான் எந்த மீனையும் 'கெட்ட மீன்' என்று சொல்ல எனக்கு மனம் வராது.

என்னிடம் இருந்த டாமினோ டேம்சல், ஒரு நண்பர் கைமாற்றிக் கொடுத்த தொட்டியோடு சேர்ந்து வந்தது. குட்டியாக இருக்கும்போது டாமினோவை விட அழகான மீன் இல்லை: கன்னங்கரேல் உடம்பு, நெற்றியில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று வெள்ளைப் பொட்டு. வளர வளர நெற்றிப்பொட்டு மறையும், மற்ற இரண்டும் சுருங்கும், உடம்பு 14 சென்டிமீட்டர் வரை போகும். ஒரு காலத்தில் புதுத் தொட்டியின் தண்ணீரைப் பழக்க டேம்சலைத்தான் முதலில் விடச் சொல்வார்கள், அம்மோனியாவைத் தாங்கும் என்று. தாங்கும்தான், ஆனால் அது ஒரு சித்திரவதை. இப்போது பாட்டில் அம்மோனியாவை ஊற்றியே, மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாவை வளர்த்துவிடலாம், மீன் எதற்கு? அதோடு, முதலில் குடியேறியவனுக்கு முழுத் தொட்டியும் சொந்தம் என்றாகிவிடுகிறது. பின்னால் வருகிற எல்லாமே அவன் கண்ணுக்கு அத்துமீறி நுழைந்தவைதான்.

அதே தொட்டியில் ஒரு ஃபயர்ஃபிஷ்ஷும் இருந்தது. ஒல்லியான உடம்பு, பின்பாதி செந்தணல் நிறம், முதுகில் நீளமாக ஒரு இழைத்துடுப்பு. நல்ல மனநிலையில் இருக்கும்போது அந்தத் துடுப்பைக் கொடி காட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டே நீரோட்டத்தில் நிற்கும். நான் பார்த்தபோது அது நின்ற இடம், தண்ணீர் திரும்பி விழும் குழாய்க்குப் பின்னால், மேற்பரப்புக்குக் கீழே ஒரு மூலை. துடுப்பு முதுகோடு ஒட்டி மடங்கியிருந்தது. செவுள் படபடவென அடித்தது. ஆர்ட்டீமியா இறால் ஒன்று அதன் வாயை உரசினாற்போல் மிதந்து போனது. கண் மட்டும் அதைத் தொடர்ந்தது, வாய் திறக்கவில்லை. டாமினோ அப்போது தொட்டியின் மறுகோடியில் இருந்தது, அதைத் துரத்தக்கூட இல்லை. இதைத்தான் சொல்ல வருகிறேன். அடி விழாத நேரத்திலும் சாப்பிடப் பயப்படுகிறது என்றால் அந்த மீனுக்கு நாள் எண்ணப்படுகிறது என்று அர்த்தம். வெண்புள்ளி நோய் இப்படித் தளர்ந்த மீனைத்தான் சாய்க்கும், நாம் நோய்மேல் பழியைப் போடுவோம். ஃபயர்ஃபிஷ் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு, பயந்தால் தொட்டியை விட்டே துள்ளிவிடும். மேலே வலைமூடி கட்டாயம்.

நேர்மாறான உதாரணம் கிளவுன் மீன் ஜோடி. பெரியது சின்னதை முட்டும். சின்னது ஒருக்களித்துப் படுத்து உடம்பெல்லாம் நடுங்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் வலிப்பு என்று பதறிப் பிரித்துவிடுகிறார்கள். அது "நீதான் பெரியவள், ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்வது. கிளவுன்கள் எல்லாமே ஆணாகத்தான் தொடங்கும். கூட்டத்தில் மூத்தது பெண்ணாக மாறும், மற்றவை அதற்கு அடங்கிச் சின்னதாகவே இருந்துகொள்ளும். நடுங்குகிற மீன் சாப்பாட்டு நேரத்தில் முன்னால் வந்து சாப்பிட்டால் கைவைக்காதீர்கள். ஆனால் ஏற்கெனவே பெண்ணாகிவிட்ட இரண்டைச் சேர்த்தால் சமாதானமே கிடையாது, ஒன்றை எடுத்தே ஆகவேண்டும்.

சரி, டாமினோவுக்கு வருகிறேன். உயிர்ப்பாறை, அதாவது நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை, அடுக்கிய தொட்டியில் வலையைப் போட்டு மீன் பிடிக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். பாறைக்குள் நுழைந்தால் அவ்வளவுதான், பவளம்தான் உடையும். ஒளி புகும் பொறிப்பெட்டியை உள்ளே இறக்கி, கதவைத் தூக்கிவைத்து, சாப்பாட்டை அதற்குள் மட்டும் போட்டுப் பழக்கினேன். டாமினோ தைரியசாலி, தானாகவே போய் உட்கார்ந்தது. நைலான் நரம்பைத் தளர்த்தியதும் கதவு விழுந்தது. உள்ளே இருந்துகொண்டு 'டொக் டொக்' என்று ஒலி எழுப்பியது, கோபம் வந்தால் டேம்சல்கள் அப்படித்தான். அதை சம்ப்புக்கு, அதாவது கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டிக்கு, மாற்றிவிட்டு, மேலே பாறைகளை வேறு மாதிரி அடுக்கினேன். பழைய எல்லைகள் அழிந்தால் திரும்பி வரும் மீன் புதிதாகத் தொடங்கவேண்டும் என்பதுதான் கணக்கு. டேங், ராஸ் வகை மீன்களில் இது பெரும்பாலும் பலிக்கும். என் டாமினோ சில நாள் அடங்கியிருந்தது, அப்புறம் மறுபடி அதே மூலை, அதே ஃபயர்ஃபிஷ். முழு வளர்ச்சி அடைந்த டேம்சலுக்கு இந்தத் தந்திரங்களில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் முடிவு. தன்னை விடப் பெரிய டிரிகர் மீன்கள் இருந்த ஒரு தொட்டிக்கு அதைக் கொடுத்தேன். அங்கே அதுதான் சின்னது, ஒழுங்காக இருக்கிறது.

கொடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று கடலில் விடுவது மட்டும் கூடவே கூடாது. 1985-இல் ஃபுளோரிடா கரையில் முதன்முதலாகத் தென்பட்ட இந்தோ-பசிபிக் லயன்ஃபிஷ், இன்று கரீபியன் முழுக்க உள்ளூர் மீன்குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவைதான் அதற்குத் தொடக்கம் என்பது ஆய்வாளர்களின் பரவலான கருத்து.

புது மீன் சேர்க்கும்போது நான் நம்புவது துளையிட்ட ஒளிபுகும் பெட்டியைத்தான். சாதுவை முதலில், முரடனைக் கடைசியில் என்ற வரிசையும் அவசியம். ஆறுகோட்டு ராஸ் எல்லாம் கடைசி ஆளாகத்தான் வரவேண்டும். பெட்டிக்குள் புதியது நாலைந்து நாள் இருக்கட்டும். டேங் என்றால் வெளிக்கண்ணாடியில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியும் ஒட்டுவேன். பழைய டேங் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டும், அந்த இடைவெளியில் புதியது மூச்சுவிடும். டேங்குகளுக்கு வால் அடியில் கத்தி போன்ற முள் உண்டு, ஒரு வீச்சில் தோல் கிழியும், அதனால் அங்கே காத்திருந்து பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. நாலைந்து நாள் கழித்தும் பழையது பெட்டியை முட்டிக்கொண்டே இருந்தால் திறக்கமாட்டேன். முட்டலை நிறுத்திவிட்டது, உள்ளே இருப்பதும் போட்டதைச் சாப்பிடுகிறது என்றால், விளக்கை அணைத்துவிட்டு இரவில் திறந்துவிடுவேன்.