பின்னால் போன குழந்தை

குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், குழந்தை லேசாக முனகினாலே ஓடிப்போய்த் தூக்கிவிடுவேன். எட்டாத பந்தை எடுத்துக் கையில் திணிப்பேன். அதுதான் நல்ல கவனிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பைக் கலைத்தவள் எட்டு மாதக் குழந்தை ஒருத்தி. குப்புறக் கிடந்தபடி, ஒரு சாண் தள்ளியிருந்த சிவப்புப் பந்தைப் பிடிக்கப் பார்த்தாள். கைகளை ஊன்றித் தள்ளினாள். உடம்பு பின்னால் போனது. மறுபடி தள்ளினாள்; பந்து இரண்டு சாண் தூரத்தில். தவழப் பழகும் குழந்தைகள் பலருக்கு இப்படி ஆவதுண்டு. கை தள்ளும் அளவுக்குக் கால் உந்தத் தெரியாது. அவளுக்கோ அது பெரிய அநியாயம். தரையில் முகத்தைப் புதைத்து ஒரே கத்தல்.

பந்தை எடுக்கப் போன என்னை, மூத்த அக்கா கையமர்த்தி நிறுத்தினார். குழந்தையின் பின்னால் உட்கார்ந்து, உள்ளங்கால்களுக்குத் தன் உள்ளங்கைகளை அணைகொடுத்தார். தள்ளவில்லை, சுவர் மாதிரி வைத்திருந்தார், அவ்வளவுதான். காலுக்குப் பிடிமானம் கிடைத்ததும் ஓர் உதை. வயிறு முன்னே சறுக்கியது. இன்னோர் உதை. விரல்நுனி பட்டுப் பந்து உருண்டோடியது. போச்சு, அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ பந்து போன திசையை ஒரு கணம் பார்த்துவிட்டு, மறுபடி காலை மடக்கினாள்.

பிறகுதான் சத்தங்களைப் பிரித்துக் கேட்கப் பழகினேன். முக்கல் வேறு, அலுப்புச் சிணுங்கல் வேறு. முக்கும்போது அருகில் இருந்தால் போதும். சிணுங்கினால் பந்தைக் கொஞ்சம் கிட்டே நகர்த்துவேன். கண்ணைக் கசக்கினால் விளையாட்டு முடிந்தது, தூக்கிக்கொள்வேன். எட்டவே எட்டாத தூரத்தில் பொம்மையை வைத்து ஏங்கவிடுவது பயிற்சி அல்ல, வதை.

2017இல் வெளியான ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. பெரியவர் ஒருவர் பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுக்கப் பாடுபடுவதைப் பார்த்த 15 மாதக் குழந்தைகள், எளிதாக எடுத்ததைப் பார்த்தவர்களைவிடத் தங்கள் பொம்மையோடு அதிகம் மல்லுக்கட்டினார்கள். அதனால் டப்பா மூடியைக்கூட நான் இப்போது சட்டென்று திறப்பதில்லை. "வரலையே... இப்படித் திருப்பிப் பார்க்கலாமா?" என்று கொஞ்சம் நாடகம்.

ஒருநாள் மகளை அழைத்துப்போக வந்த தகப்பனார், "குழந்தை திணறுகிறாள், நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்களே?" என்று கேட்டார். கோபத்தில் நியாயம் இருந்தது. பக்கத்தில் உட்காரச் சொன்னேன். சிறிது நேரத்தில், மடியிலிருந்த அவர் கைகள் இரண்டு முறை தாமாக எழுந்து திரும்பின.

என் கைகளும் இன்னும் எழத்தான் செய்கின்றன.